திருத்தம் எங்கே சேவ் ஆகிறது? ஒரிஜினல் போட்டோவைக் காப்பாற்றும் வழி

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாம்பழ சீசனில் ஊருக்குப் போனபோது, தோப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவை போனில் ஒரு போட்டோ எடுத்தார். அப்பா சிரித்தபடி இருக்கும் ஒரே போட்டோ அதுதான்.

சில நாட்கள் கழித்து அப்பாவுக்காக ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். முகத்தை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை வெட்டினார். அளவைக் குறைத்தார். சேவ் பட்டனை அழுத்தினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது போனும் வாங்கினார்.

அடுத்த வருடம் அப்பா காலமானார். படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட பாகலூர் ரோட்டில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்கு பென் டிரைவை எடுத்துச் சென்றார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், இது ரொம்பச் சின்ன படம். பெருசு பண்ணினா முகமே தெரியாது. ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டார்.

ஒரிஜினல் இல்லை. அவர் அழுத்திய சேவ் பட்டன்தான் அதை அழித்திருந்தது. மச்சானின் போனில் வாட்ஸ்அப் வழியாக முன்பு அனுப்பிய ஒரு பிரதி கிடைத்தது. அதை வைத்து ஒரு சிறிய படம் மட்டும் போட முடிந்தது.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் தவறு இது. இந்தத் தவறுக்கு இடமே தராத ஒரு வகை சாப்ட்வேர் இருக்கிறது. ஒரிஜினல் போட்டோவைத் தொடாமலே திருத்தும் சாப்ட்வேர் அது. ஆனால் அதிலும் ஒரு விஷயம் தெரியாவிட்டால் வேறு விதமாக ஏமாந்து போவீர்கள். நம் நண்பரே அப்படியும் ஒருமுறை ஏமாந்தார். அதையும் பார்ப்போம்.

சேவ் செய்தால் என்ன நடக்கிறது?

பிலிம் காலத்தில் இந்தப் பிரச்னை இல்லை. ஸ்டூடியோவில் பிரிண்டை எப்படி வெட்டினாலும், கறுப்பாக்கினாலும், நெகட்டிவ் தனியாக உறையில் இருக்கும். டிஜிட்டல் போட்டோவுக்குத் தனி நெகட்டிவ் கிடையாது. கேமராவிலிருந்து வந்த பைல்தான் உங்கள் நெகட்டிவ்.

பெயின்ட் போன்ற சாதாரண புரோகிராமில் அந்த பைலைத் திறந்து, மாற்றி, அதே பெயரில் சேவ் செய்தால் பழைய பைலின் மேல் புதியது எழுதப்படுகிறது. புரோகிராம் திறந்திருக்கும் வரை கன்ட்ரோல் மற்றும் இசட் கீகளை அழுத்தி பழைய நிலைக்கு வரலாம். மூடிவிட்டால் முடிந்தது.

எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கித் தேர்வு போன்ற விண்ணப்பங்களில் 200க்கு 230 பிக்ஸல் அளவில் போட்டோ கேட்பார்கள். அதாவது மொத்தம் 46,000 புள்ளிகள். 8க்கு 10 அங்குலத்தில் தெளிவான பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 2400க்கு 3000 பிக்ஸல் வேண்டும். அது 72 லட்சம் புள்ளிகள். உங்களிடம் மிஞ்சியிருப்பது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. தூக்கி எறிந்த புள்ளிகளை எந்த சாப்ட்வேரும் உள்ளபடியே திரும்பக் கொண்டு வராது.

அளவைக் குறைக்காவிட்டாலும் சிறிய இழப்பு உண்டு. நம் போட்டோக்கள் பெரும்பாலும் ஜேபிஜி வகை பைல்கள். 1992ல் வந்த இந்த முறை, படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டு பைலைச் சுருக்குகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை 1974ல் வெளியிட்ட மூவரில் முதன்மையானவர் நசீர் அகமது. நம் ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூருவில் பிறந்தவர் அவர். இந்தச் சுருக்கும் முறை இல்லாவிட்டால் நம் போனில் இத்தனை போட்டோக்களை வைத்திருக்கவே முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை மாற்றி சேவ் செய்யும்போதும் படம் மறுபடி சுருக்கப்படுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் குறைகிறது.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கு வரும். படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, பென் டிரைவுக்குக் காப்பி செய்வதாலோ தரம் குறையாது. மாற்றி சேவ் செய்தால்தான் குறையும்.

தொடாமல் திருத்துவது எப்படி?

நம் நண்பரின் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். சிஎன்சி மெஷினில் ஒரு உருளை இரும்பைக் கடைகிறார்கள். அளவுக்கு மேல் கடைந்துவிட்டால் அந்த ஜாப் ஸ்கிராப். வெட்டிய இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. ஆனால் எப்படிக் கடைய வேண்டும் என்ற புரோகிராம் மெஷினில் தனியாக இருக்கிறது. அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் அளவுகளைத் திருத்தலாம். திருத்துவதால் ஸ்டோரில் உள்ள இரும்புக்கு ஒன்றும் ஆகாது.

நாம் பேசும் சாப்ட்வேர் இந்தப் புரோகிராமைப் போலத்தான் வேலை செய்கிறது. நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினால், போட்டோ பைலில் அது எதையும் எழுதுவதில்லை. "வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இடது பக்கம் இவ்வளவு வெட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்துக் கொள்கிறது. அடுத்த முறை அந்தப் படத்தைத் திறக்கும்போது, ஒரிஜினலை எடுத்து, குறிப்பைப் படித்து, திருத்திய படத்தைத் திரையில் காட்டுகிறது. ஒரு வருடம் கழித்துக்கூட வெட்டியதை விரித்துக் கொள்ளலாம்.

இதனால்தான் இந்த வகை சாப்ட்வேரில் புதியவர்கள் சேவ் பட்டனைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறார்கள். டார்க்டேபிளில் சேவ் பட்டனே கிடையாது. குறிப்பு தானாகவே எழுதப்படுகிறது. பயப்படாமல் மூடலாம்.

சரி, அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஒவ்வொரு சாப்ட்வேரிலும் அது ஒவ்வொரு இடத்தில் இருக்கும்.

குறிப்பு இருக்கும் இடங்கள்

டார்க்டேபிள்: 2009ல் தொடங்கப்பட்ட இலவச சாப்ட்வேர். விண்டோஸ் பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. ஒவ்வொரு போட்டோவுக்கும் பக்கத்திலேயே, அதே போல்டரில், ஒரு துணை பைலை எழுதி வைக்கும். போட்டோவின் பெயர் "அப்பா.ஜேபிஜி" என்றால் துணை பைலின் பெயர் "அப்பா.ஜேபிஜி.எக்ஸ்எம்பி" என்று இருக்கும். இதன் அளவு சில கேபிதான். இது தவிர, தனக்கென்று ஒரு டேட்டாபேஸிலும் எழுதிக் கொள்ளும்.

ராதெரபி: இதுவும் இலவசம். இதன் துணை பைலின் எக்ஸ்டென்ஷன் பிபி3.

லைட்ரூம் கிளாசிக்: அடோபி நிறுவனத்தின் கட்டண சாப்ட்வேர். லைட்ரூம் முதலில் 2007ல் வெளியானது. எல்லாப் படங்களின் குறிப்புகளையும் கேட்டலாக் என்ற ஒரே பைலில் வைத்திருக்கும். அதன் எக்ஸ்டென்ஷன் எல்ஆர்கேட். கேட்டலாக்கை பேக்கப் எடுத்தால் குறிப்புகள்தான் பேக்கப் ஆகும். போட்டோக்கள் அதில் வராது. அவற்றைத் தனியாகக் காப்பி செய்ய வேண்டும்.

கிம்ப்: இது சற்று வேறு வகை. 2012ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, சேவ் என்று கொடுத்தால் எக்ஸ்சிஎப் என்ற தன் சொந்த வகையில் மட்டுமே சேவ் ஆகும். ஜேபிஜி வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், படத்தின் மேல் போடும் பில்டர்களை பிறகு மாற்றவோ நீக்கவோ முடிகிறது. இந்த வசதி எக்ஸ்சிஎப் பைலை வைத்திருந்தால்தான் பயன்படும். பைல் மெனுவில் ஓவர்ரைட் என்ற ஒரு கட்டளையும் இருக்கிறது. அது ஒரிஜினல் மேலேயே எழுதிவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸ் போட்டோஸ்: கம்ப்யூட்டருடன் வருவது. எடிட் செய்து முடித்ததும் சேவ், சேவ் ஆஸ் காப்பி என்று இரண்டு வாய்ப்புகள் தரும். எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

நண்பரின் இரண்டாவது தவறு

அப்பா போட்டோவில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு நண்பர் டார்க்டேபிளை இன்ஸ்டால் செய்தார். கிருஷ்ணகிரி அணைக்குக் குடும்பத்தோடு போய் எடுத்த போட்டோக்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அழகாகத் திருத்தினார். பிறகு போல்டரைத் திறந்து, ஜேபிஜி பைல்களை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்தார். பக்கத்தில் இருந்த எக்ஸ்எம்பி பைல்கள் ஏதோ வேண்டாத குப்பை என்று நினைத்து விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதே என்று விண்டோஸை பார்மட் செய்து புதிதாகவும் போட்டார்.

அப்புறம் போன் வந்தது. "அண்ணா, போட்டோ எல்லாம் பழையபடி இருட்டாவே இருக்கு. நான் பண்ணினது ஒண்ணையும் காணோம்."

காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அவர் காப்பி செய்தது இரும்பை மட்டும். புரோகிராமை அல்ல. போட்டோக்கள் பத்திரமாக இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்புதான் போயிற்று.

முதல் தடவை ஒரிஜினலை இழந்தார், திருத்தம் மிஞ்சியது. இரண்டாவது தடவை திருத்தத்தை இழந்தார், ஒரிஜினல் மிஞ்சியது. இழக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டாவதே மேல். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மறுபடி திருத்திவிடலாம். ஆனால் இரண்டையும் இழக்காமல் இருக்க வழி இருக்கிறது.

எக்ஸ்போர்ட் என்றால் என்ன?

குறிப்பை உங்கள் சாப்ட்வேர் மட்டும்தான் படிக்கும். ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கோ, வாட்ஸ்அப்புக்கோ, விண்ணப்ப இணைய தளத்துக்கோ அது புரியாது. அவர்களுக்குக் கொடுக்க, ஒரிஜினலையும் குறிப்பையும் சேர்த்து ஒரு புது ஜேபிஜி பைல் உருவாக்க வேண்டும். இதற்குத்தான் எக்ஸ்போர்ட் என்று பெயர். புரோகிராமை ஓட்டி ஒரு புது ஜாப் கடைந்து எடுப்பது போல.

டார்க்டேபிளில் செய்யும் முறை:

1. போட்டோக்கள் உள்ள போல்டரை லைப்ரரியில் சேர்த்துக் கொள்ளுங்கள். லைட்டேபிள் என்ற பகுதியில் படங்கள் வரிசையாகத் தெரியும்.

2. ஒரு படத்தில் டபுள் கிளிக் செய்தால் டார்க்ரூம் என்ற பகுதி திறக்கும். இங்கே திருத்தங்களைச் செய்யுங்கள். இடது பக்கம் ஹிஸ்டரி என்ற பட்டியலில் நீங்கள் செய்தவை ஒவ்வொன்றாகச் சேரும். பிடிக்காவிட்டால் முந்தைய வரியில் கிளிக் செய்து பின்னால் போகலாம்.

3. திருத்தி முடித்ததும் லைட்டேபிளுக்குத் திரும்புங்கள். வலது பக்கம் எக்ஸ்போர்ட் பகுதி இருக்கும். ஜேபிஜி என்பதைத் தேர்வு செய்து, தேவையான அளவைக் கொடுத்து, எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துங்கள்.

4. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், போட்டோ உள்ள போல்டருக்குள்ளேயே டார்க்டேபிள் எக்ஸ்போர்ட்டட் என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாகி, புது பைல் அதில் இருக்கும். ஒரிஜினல் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

நண்பருக்கு வந்த தேவைக்கு இதில் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரே படத்துக்கு டூப்ளிகேட் என்ற கட்டளை மூலம் இரண்டு குறிப்புகள் வைத்துக் கொள்ளலாம். ஒன்றில் விண்ணப்பத்துக்காக முகத்தை மட்டும் வெட்டலாம். மற்றொன்றில் பிரேமுக்காக முழுப் படத்தையும் சரி செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கில் போட்டோ ஒன்றுதான் இருக்கும். கூடுதலாகச் சேர்வது சில கேபி அளவுள்ள இன்னொரு துணை பைல் மட்டும்.

பிக்காசா சொல்லிக் கொடுத்த பாடம்

முன்பு நம் வீடுகளில் அதிகம் இருந்த போட்டோ சாப்ட்வேர் பிக்காசா. 2004ல் கூகுள் இதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. இதுவும் ஒரிஜினலைத் தொடாத வகைதான். திருத்தங்களை ஒவ்வொரு போல்டரிலும் பிக்காசா.ஐஎன்ஐ என்ற சிறிய பைலில் எழுதி வைத்தது. சேவ் கொடுத்தால் மட்டும் திருத்திய படத்தை எழுதிவிட்டு, ஒரிஜினலை மறைவாக வேறொரு போல்டரில் வைத்தது.

2016 மார்ச் 15 முதல் கூகுள் இதற்கான ஆதரவை நிறுத்திக் கொண்டது. சேவ் அல்லது எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை. பிக்காசாவுக்குள் மட்டும் திருத்திப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள் வேறு சாப்ட்வேருக்கு மாறியபோது, பழைய திருத்தாத படங்களே தெரிந்தன.

ஒரு கன்ட்ரோலருக்கு எழுதிய சிஎன்சி புரோகிராம் வேறு கன்ட்ரோலரில் அப்படியே ஓடாது. அதுபோல ஒரு சாப்ட்வேரின் குறிப்பு மற்றொன்றுக்கு முழுமையாகப் புரியாது. லைட்ரூம், டார்க்டேபிள் இரண்டுமே எக்ஸ்எம்பி பைலைப் பயன்படுத்துகின்றனவே என்று ஏமாற வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான், உள்ளே உள்ள கட்டளைகள் வேறு. எனவே உங்களுக்கு மிக முக்கியமான படங்களைத் திருத்தியதும், முழு அளவில் ஒரு ஜேபிஜி எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுங்கள். எந்த சாப்ட்வேர் நின்று போனாலும் அது திறக்கும்.

செய்ய வேண்டியவை

* போனிலிருந்தோ கேமராவிலிருந்தோ கம்ப்யூட்டருக்கு மாற்றியதும், ஒரிஜினல் போட்டோக்களுக்குத் தனி போல்டர் வையுங்கள். பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் பகுதியில் ரீட் ஒன்லி என்பதில் டிக் செய்தால், தெரியாமல் மேலெழுதுவது பெரும்பாலும் தடுக்கப்படும்.

* பேக்கப் எடுக்கும்போது பைல்களைப் பொறுக்கி எடுக்காமல் முழு போல்டரையும் காப்பி செய்யுங்கள். துணை பைல்களும் கூடவே வந்துவிடும். லைட்ரூம் என்றால் கேட்டலாக்கையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

* பைல் எக்ஸ்டென்ஷன் தெரியவில்லையா? விண்டோஸ் 11ல் ஏதாவது ஒரு போல்டரைத் திறந்து, வியூ, ஷோ என்று சென்று, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். துணை பைல்கள் எவை என்று பளிச்செனத் தெரியும்.

* திருத்திய போட்டோக்களை விண்டோஸில் நேரடியாக வேறு போல்டருக்கு மாற்றவோ, பெயர் மாற்றவோ செய்யாதீர்கள். சாப்ட்வேர் படத்தைத் தேடித் தவிக்கும். அந்த சாப்ட்வேருக்குள் இருந்தபடியே மாற்றுங்கள்.

* டார்க்டேபிளில் ரிமூவ், டெலீட் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. ரிமூவ் கொடுத்தால் பட்டியலிலிருந்து மட்டும் போகும். டெலீட் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரிஜினலும் போகும். ஒரிஜினலைத் தொடாத சாப்ட்வேர்தானே என்று இங்கே அசட்டையாக இருக்க வேண்டாம்.

* வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருக்கப்படும். முழு அளவில் அனுப்ப டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள்.

இன்றே ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். அவசியமில்லாத ஒரு போட்டோவை எடுத்து, உங்கள் சாப்ட்வேரில் திருத்தி, மூடிவிடுங்கள். பிறகு அந்த போல்டரைத் திறந்து, போட்டோ பைலில் டபுள் கிளிக் செய்து விண்டோஸில் பாருங்கள். திருத்தாத படம் தெரிந்தால், ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது, திருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள். திருத்திய படமே தெரிந்தால், உங்கள் சாப்ட்வேர் ஒரிஜினல் மேல் எழுதுகிறது. அப்படியானால் முதலில் ஒரு காப்பி எடுத்துக் கொண்டு, காப்பியில் மட்டும் கை வையுங்கள்.

நண்பர் இப்போது ஒவ்வொரு மாதமும் முழு போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்கிறார். அம்மாவை வைத்து அவர் எடுத்த போட்டோ ஒன்று அதில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கான சின்னப் படம் தனி, முழு அளவுப் படம் தனி, ஒரிஜினல் தனி. நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போட்டோவிலிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.